டோங்குவானில் மாதம் 16,000 யுவான்: ஒரு வேலைக் கடிதத்தைப் படிக்கும் விதம்

நண்பரின் மகனுக்குச் சீனாவிலிருந்து வேலை வந்திருக்கிறது. குவாங்டாங் மாகாணத்தில் டோங்குவான் என்ற ஊர். காலணிகளைத் தொழிற்சாலைகளில் செய்ய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் அலுவலகம். அங்கே சாம்பிள் பிரிவில் டெக்னீஷியன் பொறுப்பு, மாதம் 16,000 யுவான். யுவானுக்கு 12 ரூபாய் என்று கணக்குக்கு எளிதாக வைத்துக்கொண்டால் 1,92,000 ரூபாய். செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 38,000 ரூபாய் வாங்கும் பையனுக்கு அந்தத் தொகையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்புங்கறாங்க மாமா. அப்பா மட்டும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடச் சொன்னாரு" என்றான்.

விழுப்புரத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் சம்பளச் சீட்டுகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி இனி அவன் ஒருவனுடையதாக மட்டும் இருக்கப்போவதில்லை.

செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டாய் குழுமம் லோட்டஸ் ஃபுட்வேர் என்ற பெயரில் நைக்கி காலணிகள் செய்கிறது. திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்திலிருந்து கம்பெனி பேருந்துகளில் ஏறிப் போகும் பெண்களைத் தினமும் பார்க்கிறோம். முன்பு நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு போன உளுந்தூர்பேட்டையில், பௌ சென் என்ற இன்னொரு தைவான் குழுமம் 2,302 கோடி ரூபாயில் தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. உலகின் பெரிய பிராண்டுகளுக்கு ஷூ செய்து கொடுக்கும் இந்த வகைக் கம்பெனிகள் வளர்ந்த இடம் டோங்குவானும் அதன் சுற்றுப்புறமும். கூலி ஏறியதும் தையல் வேலை வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் இப்போது நம் பக்கத்துக்கும் நகர்ந்தது. பேட்டர்ன் வரைவது, சாம்பிள் செய்வது, மூலப்பொருள் தேர்வு போன்ற மூளை வேலையில் பெரும்பங்கு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் இங்கே லைனில் வேலை கற்ற பையனுக்கு அங்கிருந்து அழைப்பு வருவது இயல்பு. இனி வேறு வீடுகளுக்கும் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சீனாவில் வெளிநாட்டுக்காரர் சம்பளம், செலவு என்று தேடினால் கிடைக்கும் கணக்குகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவர்களுடையவை. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுப் பாஸ்போர்ட் இருப்பவர்களைத்தான் அந்த வேலைக்கு முதலில் எடுப்பார்கள். தங்க வீடு, ஆண்டுக்கொரு விமான டிக்கெட், நீண்ட விடுமுறை எல்லாம் பள்ளிக்கூடமே கொடுக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த வழி அநேகமாக அடைபட்டது. நம் பிள்ளைகளுக்கு வருவது கம்பெனி வேலை. அதில் வீடும் டிக்கெட்டும் தானாக வராது, கடிதத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. ஆசிரியர்கள் எழுதிய கணக்கைப் பார்த்துவிட்டு, பாதிச் சம்பளம் மிச்சமாகும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

இனி அந்த 16,000-க்கு வருவோம். கையில் எவ்வளவு நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள முதலில் இரண்டு பிடித்தங்களைக் கழிக்க வேண்டும்.

ஒன்று சமூகக் காப்பீடு. சீனாவில் முறையாக வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் இதில் சேர வேண்டும் என்பது 2011 அக்டோபரிலிருந்து விதி. நம் பங்காக ஓய்வூதியத்துக்கு 8 சதவீதம், மருத்துவத்துக்கு 2 சதவீதம், வேலையிழப்புக் காப்பீட்டுக்குச் சிறு தொகை. ஜெர்மனி, தென்கொரியா போன்ற சில நாடுகள் சீனாவோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டு தங்கள் மக்களுக்கு இதில் விலக்கு வாங்கியிருக்கின்றன. இந்தியாவுக்கு அப்படி ஒப்பந்தம் கிடையாது. ஆக சுமார் 10 சதவீதம், மாதம் 1,600 யுவான் போகும்.

இன்னொன்று வருமான வரி. ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் அங்கே இருந்தால் அந்நாட்டுக் குடியிருப்பவர் கணக்கில் வரி போடுவார்கள். ஆண்டுக்கு 60,000 யுவான் வரை கழிவு உண்டு. மிச்சத்தில் முதல் 36,000-க்கு 3 சதவீதம், அதற்கு மேல் 1,44,000 வரை 10 சதவீதம், அதன்பின் 20, 25 என்று ஏறி 45 வரை போகும். தம்பியின் கணக்கைப் போடுவோம். ஆண்டுச் சம்பளம் 1,92,000. கழிவு 60,000, காப்பீடு 19,200 போக 1,12,800. அதற்கு வரி 8,760 யுவான், மாதத்துக்கு 730. நம் ஊரில் போலப் பன்னிரண்டாகச் சமமாகப் பிரித்துப் பிடிக்க மாட்டார்கள். ஜனவரியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து பிடிப்பதால் ஆண்டுத் தொடக்கத்தில் வரி குறைவாகவும் போகப்போக அதிகமாகவும் இருக்கும். முதல் மாதச் சம்பளத்தை வைத்து வீட்டுக்கு இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இரண்டும் போகக் கையில் 13,670 யுவான். ரூபாயில் 1,64,000.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, சம்பளம் பேசும்போதே கேட்க வேண்டியது. வெளிநாட்டு ஊழியருக்கு வீட்டு வாடகை, மொழிப் பயிற்சி, ஊருக்கு வந்துபோகும் செலவு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைக் கம்பெனி தனிப் படியாகக் கொடுத்தால், நியாயமான அளவுவரை அதற்கு வரி இல்லை. இந்தச் சலுகை 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முக்கியமான நிபந்தனை, ஃபாபியாவ் என்று அங்கே சொல்லும் முறையான வரி ரசீது வேண்டும். 2,200 யுவான் வாடகையை மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே வீட்டுப் படியாகப் பிரித்து எழுதினாலும் ஆண்டுக்கு 2,640 யுவான் வரி மிச்சம். நம் பணத்தில் 31,000 ரூபாய்க்கு மேல். கம்பெனிக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆனால் ரசீது தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு என்பதால், வீடு பார்க்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும்.

கடிதத்தில் என் கண் நின்ற வரி வேறு. மொத்தம் 16,000 என்று மேலே எழுதியிருந்தார்கள். கீழே பிரித்துக் காட்டும் இடத்தில் அடிப்படைச் சம்பளம் 6,000, மற்றதெல்லாம் அலவன்ஸ், போனஸ், 'இதர' என்று இருந்தது. "மொத்தம் வந்தா சரிதானே மாமா?" என்று தம்பி கேட்டான். சரியில்லை. ஏன் என்பதற்கு டோங்குவானிலேயே பெரிய சாட்சி இருக்கிறது.

2014 ஏப்ரலில் டோங்குவானின் காவ்பு பகுதியில் யூ யுவென் ஷூ தொழிற்சாலைகளில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அண்மைக் காலச் சீனாவின் மிகப் பெரிய வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. சுமார் இரண்டு வாரம் நீடித்தது. சம்பளம் வரவில்லை என்பதல்ல அவர்கள் புகார். சமூகக் காப்பீட்டுப் பணத்தை வாங்கும் முழுச் சம்பளத்துக்கும் கட்டாமல், குறைந்த தொகையைச் சம்பளமாகக் காட்டிக் கட்டினார்கள் என்பதுதான் புகார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய தொழிலாளர்கள் தங்கள் கணக்கைப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குறைத்துக் கட்டியது உண்மை என்று அரசுத் தரப்பும் சொன்னது. நிலுவையைக் கட்டக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த யூ யுவெனின் தாய்க் குழுமம்தான் உளுந்தூர்பேட்டைக்கு வரும் பௌ சென். நான் இதைச் சொல்வது பழைய குற்றத்தைத் தோண்டுவதற்காக அல்ல. பல ஆண்டு அங்கேயே வேலை பார்த்த, அந்த மொழி பேசும் உள்ளூர்த் தொழிலாளிக்கே சம்பளச் சீட்டின் ஒரு வரி எவ்வளவு பெரிய நட்டம் தரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடிப்படை 6,000 என்றால் தம்பிக்கு என்ன ஆகும்? காப்பீட்டை 6,000-க்கு மட்டும் கட்டிவிடுவார்கள். ஓவர்டைம் கூலியைப் பல கம்பெனிகள் அடிப்படையை வைத்துத்தான் போடும். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, வார விடுமுறையில் இரு மடங்கு, அரசு விடுமுறை நாளில் மூன்று மடங்கு என்பது அந்நாட்டுச் சட்டம். எதன் மடங்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆர்டர் குறைந்த மாதத்தில் 'இதர' என்ற பகுதியைச் சத்தமில்லாமல் குறைத்துவிடவும் முடியும்.

காப்பீடு முழுச் சம்பளத்துக்கும் கட்டப்பட்டால் நமக்கு ஒரு ஆதாயமும் உண்டு. ஓய்வு வயதுக்கு முன்பே வெளிநாட்டவர் நாட்டை விட்டுப் போகும்போது, ஓய்வூதியத் தனிக்கணக்கில் தன் பங்காகச் சேர்ந்ததை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். 16,000-க்கு 8 சதவீதம் மாதம் 1,280. இரண்டு ஆண்டில் 30,720 யுவான், மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அடிப்படை 6,000 என்று எழுதினால் இது 1,38,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். வெளியேறுமுன் விண்ணப்பம் கொடுத்து வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில இடங்களில் இன்னொன்று சொல்வார்கள்: "பாதியைக் கணக்கில் போடுகிறோம், பாதியைக் கையில் தருகிறோம், உனக்கு வரி மிச்சம்." தலையாட்டக் கூடாது. சீன வங்கியில் யுவானை மாற்றி ஊருக்கு அனுப்ப வேலை ஒப்பந்தமும் வரி கட்டிய சான்றும் காட்ட வேண்டும். எந்தச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டவர் ஒரு நாளில் வாங்க முடிவது 500 டாலர் அளவுக்குத்தான். கையில் வாங்கிய பணம் சட்டப்படி ஊர் வந்து சேர வழியில்லை. அப்புறம் யார் மூலமாகவோ அனுப்பி, இங்கே யார் கையிலோ வாங்கி, கடைசியில் என்னிடம் வந்து இதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று கேட்கும் நிலை வரும்.

அடுத்து செலவு. டோங்குவான், குவாங்சோவுக்கும் ஷென்சென்னுக்கும் நடுவே இருக்கும் ஊர். வாடகையில் அந்த இரண்டைவிட மலிவு, ஷாங்காய், பெய்ஜிங்கைவிட நிறையவே மலிவு. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 2,200 யுவான் என்று வைத்தோம். மின்சாரம், தண்ணீர், கேஸ், இன்டர்நெட் 350. கோடைகாலம் நம் ஊர்ப் புழுக்கம்தான், ஏசி ஓடும். சாப்பாட்டுக்கு 2,000. தொழிற்பேட்டைப் பக்கத்துச் சிறு கடைகளில் ஒரு வேளைக்கு 15 முதல் 25 யுவானுக்குள் முடியும், வீட்டில் சோறு வடித்தால் இன்னும் குறையும். போக்குவரத்து 300. போன் செலவு, இந்திய சிம் இரண்டும் சேர்த்து 300. துணிமணி, மருந்து, ஞாயிற்றுக்கிழமை குவாங்சோ போய் இந்திய மளிகை வாங்கி வருவது இவற்றுக்கு 800. ஆண்டுக்கொரு முறை ஊர் வந்துபோக மாதம் 450 எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் 6,400.

13,670-ல் 6,400 போனால் 7,270 யுவான் மிச்சம், சுமார் 87,000 ரூபாய். இதுதான் அந்தக் கடிதத்தின் உண்மையான தொகை. 1,92,000 என்று ஊரில் பேசுகிறார்களே, அதில் பாதிக்கும் குறைவு. இதே சம்பளம் ஷாங்காயில் வந்திருந்தால் வாடகை மட்டும் 5,500 ஆகும். மிச்சம் 48,000 ரூபாய்க்குக் கீழே போய்விடும். இதே வேலைக்கு ஷாங்காயிலிருந்து கடிதம் வந்திருந்தால், 20,000 யுவானுக்குக் குறைந்தால் வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருப்பேன்.

செலவுப் பட்டியலில் ஆள் மாறினால் தொகையும் மாறும். சைவம் சாப்பிடுபவருக்குக் கடைச் சாப்பாடு சிரமம். பன்றிக் கொழுப்பும் கருவாட்டுத் தூளும் எதில் இருக்கும் என்று தெரியாது, சமைத்துத்தான் ஆக வேண்டும். மனைவி, குழந்தையோடு போக நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. சர்வதேசப் பள்ளிக் கட்டணம் ஒன்றே முழுச் சம்பளத்தையும் விழுங்கிவிடும். இந்தச் சம்பளம் தனியாளுக்கு மட்டும்தான்.

முதல் மாதத்துக்குக் கையில் பணம் வேண்டும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஒரு மாத டெபாசிட்டும் மூன்று மாத வாடகையும் முன்பணமாகக் கொடுப்பது பரவலான வழக்கம். 8,800 யுவான். புரோக்கருக்கு அரை மாதமோ ஒரு மாதமோ வாடகை. ஒரு மாதம் என்றே வைத்தால் 11,000, நம் பணத்தில் 1,32,000. சம்பளம் அடுத்த மாதம்தான் வரும். சான்றிதழ் வேலைகளையும் சேர்த்தால் 2 லட்சம் ரூபாய் கையில் இல்லாமல் கிளம்ப முடியாது. வட்டிக்கு வாங்கிப் போவது வேறு கணக்கு. முதல் ஒரு மாதமாவது கம்பெனி விடுதியில் இடம் கேட்டு வாங்குவது நல்லது.

இந்திய சிம் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். தம்பியின் அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் சாதாரண இணைப்பில் திறக்காது. அங்கே பேச்சு, பணம், அலுவலக உத்தரவு எல்லாமே வீசாட்டில். அந்த வீசாட்டை இந்திய அரசு 2020 ஜூனில் தடை செய்த 59 செயலிகளில் சேர்த்துவிட்டது. ஆக மகன் கையில் வீசாட், அம்மா கையில் வாட்ஸ்அப், நடுவே பாலம் இல்லை. இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் அந்த டேட்டா நம் நிறுவனம் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் வேலை செய்யும். ஆனால் செலவு அதிகம், தினமும் வீடியோவில் பேச முடியாது. வங்கி ஓடிபி வருவதற்கும் அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். இந்த 300 யுவானை வீண் செலவு என்று வெட்டிவிட வேண்டாம் என்று தம்பிக்கு அழுத்திச் சொன்னேன்.

பொங்கலுக்கு வர முடியுமா என்றும் அம்மா கேட்டார். அவர்களின் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும். தொழிற்சாலைகள் நீண்ட நாள் மூடுவது அப்போதுதான். பொங்கல் சமயம் ஆர்டரை முடித்து அனுப்பும் நெருக்கடி நேரம். சட்டப்படி ஆண்டு விடுப்பு, மொத்த அனுபவம் பத்து ஆண்டுக்குக் கீழ் இருப்பவருக்கு 5 நாள்தான். பொங்கலுக்கு வருவான் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

சம்பளம், செலவு எல்லாம் சரியாக இருந்தாலும் விசா தவறினால் அத்தனையும் வீண். சீனாவில் வேலை பார்க்க வேண்டியது 'இசட்' விசா. அதற்கு முன்பே கம்பெனி அந்நாட்டு அரசிடம் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்தைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'முதலில் பிசினஸ் விசாவில் வா, இங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ள வேண்டும். 'எம்' விசா வியாபாரப் பேச்சுக்கு வந்துபோக மட்டும். அதில் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல், அதன்மேல் நாட்டைவிட்டு அனுப்புவார்கள். மாட்டுவது வேலை பார்த்தவன், கூப்பிட்டவன் அபராதம் கட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடுவான்.

வேலை அனுமதியில் ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடியது பி. பொதுவாக ஒரு பட்டமும், அந்தத் துறையில் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். தம்பி திண்டிவனத்தில் பி.இ. முடித்தவன், ஐந்தாண்டு ஷூ லைனில் இருக்கிறான், தாண்டிவிடுவான். டிப்ளமோ மட்டும் படித்தவர்களுக்கு மதிப்பெண் முறையில் தேற வேண்டியிருக்கும், அது எளிதல்ல. 'பட்டமெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வார்த்தையே எச்சரிக்கை மணி. பட்டச் சான்று, போலீஸ் கிளியரன்ஸ், அனுபவச் சான்று ஆகியவற்றின் சான்றளிப்புக்கு நாளாகும். சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் கிடையாது. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில்தான். எந்தத் தாளுக்கு எந்த முத்திரை வேண்டும் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு அலைவது நல்லது.

வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலருக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பு இதில் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். குடியேற்றச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சீனா இல்லை. அதனால் ஒப்பந்தத்தை நம் அரசுத் தரப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள், நாமேதான் பார்த்தாக வேண்டும். ஏஜென்ட் வழியாக வந்த வேலை என்றால் அவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், ரசீதோடு. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, சந்தேகம் கேட்கலாம். 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பையன்கள் மியான்மரின் மியாவாடிப் பக்கம் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதை மறந்துவிடக் கூடாது. டிக்கெட் எந்த ஊருக்கு என்று பாருங்கள். டோங்குவான் வேலைக்கு பாங்காக்கிலோ புனோம்பென்னிலோ இறங்கச் சொன்னால் போகக் கூடாது.

என் தொழில் சார்ந்த ஒன்று. கிளம்பும் மாதமும் முக்கியம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நம் நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், வேலைக்காக வெளிநாடு போனவர் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவார், சீனச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. செப்டம்பர் பாதிக்குள் கிளம்பினால் கவலையில்லை. டிசம்பரில் கிளம்பினால் மார்ச் வரை வாங்கிய சம்பளத்தை இங்கேயும் காட்ட வேண்டும். 1994-ல் போட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தின்படி அங்கே கட்டியதற்குக் கழிவு கேட்கலாம், அதற்கும் அந்த வரிச் சான்று வேண்டும். போனதும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றி, அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் கேட்டபின் தம்பி, "அப்ப போலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க மாமா" என்றான்.

இங்கே வீட்டிலிருந்து வேலைக்குப் போய் மாதம் 20,000 மிச்சம் பிடிக்கிறான். அங்கே 87,000. வித்தியாசம் மாதம் 67,000, இரண்டு ஆண்டில் 16 லட்சம். தங்கையின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் அது பெரிய தொகை. அதைவிட நான் பெரிதாக நினைப்பது வேலையின் தன்மையை. சாம்பிள் அறையில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து, ஒரு காலணி வரைபடத்திலிருந்து பெட்டிக்குள் போகும்வரை கற்றுக்கொண்டு வந்தால், செய்யாறிலும் உளுந்தூர்பேட்டையிலும் அந்தக் கைக்கு மதிப்பு இருக்கும். லைன் சூப்பர்வைசராகவே இங்கே இருந்தால் அந்த இடத்துக்கு அவன் போக வெகுகாலம் ஆகும். அதனால் போகலாம் என்பதே என் முடிவு. இதே சம்பளத்தில் ஊர் ஊராகப் போய் முடிந்த சரக்கைப் பெட்டி திறந்து பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் வேலை என்றால் போக வேண்டாம் என்றிருப்பேன். அதில் பணம் வரும், கற்க ஒன்றும் இருக்காது.

ஆனால் இப்போது கையில் இருக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு போகக் கூடாது. அன்றே அவன் போனிலிருந்து கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினோம். அடிப்படைச் சம்பளத்தை 12,000-க்குக் குறையாமல் எழுத வேண்டும், காப்பீடு முழுச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டும், வாடகையைத் தனிப் படியாகப் பிரிக்க வேண்டும், வேலையின் பெயர் சாம்பிள் பிரிவு என்றே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தின் சீன மொழிப் பிரதியையும் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். தகராறு வந்தால் பெரும்பாலும் செல்லுபடியாவது அதுதான், ஆங்கிலப் பிரதியல்ல.

இதே போன்ற கடிதம் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் உங்களுக்கும் இதையே சொல்வேன். பிரித்து எழுதிய சம்பள விவரம், சீன மொழி ஒப்பந்தம், வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் ஆகிய மூன்றும் கைக்கு வரும்வரை இங்கே பார்க்கும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.